ரசத்தில் கலக்கச் சொன்னவன்

நடராஜ் என்ற கட்டிங் மாஸ்டர் சாப்பிட்ட ரசத்தில், அவருக்குத் தெரியாமல் மனநோய்க்கான மருந்தைக் கலக்கச் சொன்னேன். கலந்தவர் அவருடைய மனைவி சரசு. சொன்னவன் நான். பிறகு ஒரு நாள், சொந்தபந்தம் கூடியிருந்த வாசலில், சரசு என்னைக் கைகாட்டி "இவரு சொல்லித்தானுங்க செஞ்சேன்" என்றபோது, எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். இந்த இரண்டில் எது பெரிய தப்பு என்று யோசித்துக்கொண்டே இருந்த காலம் உண்டு. இப்போது யோசிப்பதில்லை. இரண்டாவதுதான்.

திருப்பூரில் ஒரு சமூக மனநல அமைப்பில் கேஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், பயிற்சிக்குப் பயன்படும், ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மனதில் நிற்கிற ஒரு வெற்றிக் கதை போதுமாம். அவர்கள் கேட்கிற கதை எதுவென்று எனக்குத் தெரியும். ஆள் பெயரை மாற்றி, முடிவை வெட்டி, பல பயிற்சி வகுப்புகளில் நானே சொன்ன கதைதான் அது. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். மொட்டை மாடிக்குப் போகிறேன், துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். இதை இப்படியே முழுதாக எழுதினால்தான் உட்கார முடியும் போலிருக்கிறது.

சமூகப்பணியில் முதுகலை படித்தேன். பெரிய மனநல மருத்துவமனை ஒன்றில் பயிற்சி. அங்கே கற்றதில் பாதியைத் திருப்பூர் ஒரே மாதத்தில் ஓரங்கட்டிவிட்டது. மருத்துவமனையில் நோயாளி நம்மிடம் வருவார். இங்கே நாம் அவரிடம் போக வேண்டும். போவது பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது. வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்துவேன். அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வேன். யாராவது கேட்டால் இன்சூரன்ஸ் ஆபீஸ் என்பேன். வீட்டுக்குள் போனதும் நோயைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன். இந்த வாரம் எந்த ஷிப்ட், கம்பெனி வேன் நேரத்துக்கு வருகிறதா, ஷிப்மென்ட் எப்போது என்றுதான் தொடங்குவேன். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நெருங்கினால் பனியன் கம்பெனிகளில் பகலும் இரவும் வேலை. தூக்கம் வருகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஷிப்மென்ட் முடிந்த மறு வாரம் நமக்கு வேலை கூடும். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. சூப்பர்வைசரைத் தனியாகப் பிடித்து, விவரம் சொல்லாமல், "அந்தப் பொண்ணை ஓவர்லாக் மெஷின்ல உட்கார வைக்காதீங்க, கொஞ்ச நாள் மடிக்கிற பக்கம் போடுங்க" என்று கேட்டுக்கொள்வதும் என் வேலைதான்.

எங்கள் மேலதிகாரி ஒரு மனநல மருத்துவர். டாக்டரம்மா என்றே எல்லோரும் சொல்வோம். நோயாளிக்கு எதிரே உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவார். எழுதிக் கொடுக்கப்போகிற மாத்திரை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "இதைப் போட்டா தூக்கம் வரும். வாய் காயும். சிலருக்குக் கை நடுங்கும். நடுங்கினா என்னைத் திட்டுங்க. ஆனா நிறுத்திட்டு ஊட்டுல இருந்து திட்டாதீங்க, இங்க வந்து திட்டுங்க" என்பார். சிரிக்காதவர்களும் அதற்குச் சிரிப்பார்கள்.

வாரக் கூட்டத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: "இது அவங்களுக்குத் தெரியுமா?" அண்ணனிடம் பேசினேன் என்றால், அது அவருக்குத் தெரியுமா. கம்பெனியில் சொல்லி வேலையை மாற்றினேன் என்றால், அது அவருக்குத் தெரியுமா. தெரியாது என்றால் கோபிக்க மாட்டார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிடுவார். அந்தப் பேனா மறுபடி திறக்கும்வரை எங்கள் ஒருவருக்கும் மூச்சு வராது.

நடராஜ் மண்ணரையில் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவு போட்டு, மெஷின் கத்தியை வளைத்து ஓட்டுவதில் அவரைப் போல ஆள் இல்லை என்பார்கள். அவருக்கு ஒரு பயம் தொடங்கியது. யாரோ தனக்குச் சாப்பாட்டில் எதையோ வைத்துக் கொடுக்கிறார்கள் என்று. முதலில் பேக்கரி டீயை விட்டார். பிறகு கம்பெனித் தண்ணீரை. பிறகு விருந்து வீடுகளை. எங்கள் பக்கத்தில் இது நோயாகவே யாருக்கும் படாது. ஆகாதவர்கள் சோற்றில் மருந்து வைத்துவிடுவார்கள் என்று நல்ல நிலையில் இருப்பவர்களே நம்புவார்கள். வயிற்றிலிருந்து அதை எடுத்துத் தருகிறேன் என்கிற ஆட்களும் ஊர்ப்பக்கம் உண்டு. நடராஜின் சொந்தக்காரர்கள் அவரை அங்கேதான் கூட்டிப் போனார்கள். எங்களிடம் கூட்டிவந்தவர் சரசு. கைக்குழந்தைப் பருவம் தாண்டிய ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவனின் சட்டை நுனியைப் பிடித்தபடி படியேறி வந்தார்.

சில மாதம் மாத்திரை சாப்பிட்டார். தேறினார். ஷிப்மென்ட் வந்தது. நிறுத்தினார். இந்தத் தடவை பயம் முன்னைவிடக் கூடியது. மாத்திரையும் அவர்கள் வைக்கிறதுதான் என்றார். உலகத்தில் அவர் நம்பி வாங்கிச் சாப்பிட்டது சரசு கையால் மட்டும்தான். சரசு சோறு கட்டிக்கொடுத்த தூக்குப் போசியைப் பைக்குள் வைத்து, பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வேலை செய்தார் என்று சூப்பர்வைசர் சொன்னார். இன்னொரு முறை சத்தம் போட்டால் அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார்.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்காகத் துளி மருந்து ஒன்று உண்டு. நிறமில்லை, மணமில்லை. டாக்டரம்மாவிடம், நடராஜ் துளி மருந்தென்றால் சாப்பிடுகிறேன் என்கிறார் என்றேன். "அவருக்குத் தெரியுமா, என்ன மருந்துன்னு?" என்றார். தெரியும் மேடம் என்றேன். எழுதிக் கொடுத்தார்.

சரசுவை அவர்கள் குடியிருந்த லைன் வீட்டின் பின்னால், தண்ணீர்க் குழாயடியில் பார்த்தேன். புட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தை அங்கேயே நகத்தால் சுரண்டிக் கிழித்தேன், நடராஜ் படித்துவிடக் கூடாது என்று. எத்தனை துளி, எப்போது என்று சொன்னேன். ரசத்தில் விட்டால் தெரியாது என்றேன்.

சரசு புட்டியை வாங்கவில்லை. "ஏனுங்க சார், அவருக்குத் தெரியாமயா?"

"இப்போதைக்கு."

"எங்கையில வாங்கித்தானுங்க திங்கறாரு. வேற யாரு கையிலயும் திங்கறதில்லீங்க."

"அதனாலதான்மா உங்ககிட்டச் சொல்றேன். தேறட்டும். தேறினதும் நாமளே உட்கார வெச்சுச் சொல்லிக்கலாம். நான் சொல்றேன். என் பொறுப்பு."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவர் கையை நீட்டினார்.

நடராஜ் தேறினார். சொல்லிவைத்தாற்போல் தேறினார். ஒரு மாதத்துக்குள் தூங்கினார், சிரித்தார், கம்பெனியில் எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடித்தார். கூட்டத்தில் என் வேலையை டாக்டரம்மா பாராட்டினார். அவர் அதிகம் பாராட்டாதவர். எனக்குத் தலைக்கனம் வந்தது. தேறினதும் சொல்லலாம் என்று சரசுவிடம் சொன்னேனே, அந்த நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சரசு இரண்டு மூன்று முறை கேட்டார். தீபாவளி போகட்டும் என்றேன். பொங்கல் போகட்டும் என்றேன். மருந்தே இல்லாமல் தானாகவே சரியாகிவிட்டதாக நடராஜ் என்னிடமே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன்.

பிறகு அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

அந்த மருந்துக்கு அப்படி ஆவது உண்டு. டாக்டரம்மாவிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மாற்றுவார். சொன்னால் நடராஜைக் கூட்டிவரச் சொல்வார். கூட்டிவந்தால், துளி மருந்து எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்பார். அதனால் சொல்லவில்லை. நானாகவே துளிகளைக் குறைக்கச் சொல்லி சரசுவிடம் சொன்னேன். அப்படி மாற்ற எனக்கு உரிமை கிடையாது.

நடராஜ் ஒரு மத்தியானம் கம்பெனி வாசலில் என்னை ஓரமாகக் கூட்டிப் போனார். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடின.

"துணி கோணையாப் போகுதுங்க சார். மொதலாளி பாத்துட்டாரு. ஒண்ணும் சொல்லல, பாத்துட்டுப் போயிட்டாரு." கொஞ்சம் தயங்கினார். "மறுக்காவும் எனக்கு யாரோ எதையோ குடுக்கறாங்களோன்னு இருக்குதுங்க. ஊட்டுல சொன்னா பயந்துக்குவா. உங்கள உட்டா எனக்குக் கேக்க ஆளில்லீங்க. நெசமாச் சொல்லுங்க. எனக்கு எதாச்சும் குடுக்கறாங்களா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல நடராஜ். ஷிப்மென்ட் அலுப்பு. தூங்கி எந்திரிச்சாச் சரியாப் போயிரும்."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவர் சரசு ரசத்தில் எதையோ சொட்டு விடுவதைப் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை, கத்தவில்லை. புட்டியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மூலனூர்ப் பக்கத்திலிருந்த தன் அப்பாவின் தோட்டத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். முருங்கைத் தோட்டத்துக்கு நடுவில் வீடு. வாசலில் நாற்காலிகள். நடராஜின் அப்பா, தாய்மாமன், பங்காளிகள் சிலர். எதிரே சரசுவும் சரசுவின் அப்பாவும். எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். தாய்மாமன் புட்டியை என் கையில் கொடுத்தார்.

"படிச்சவரு நீங்க, பாத்துச் சொல்லுங்க. இது உங்க ஆஸ்பத்திரி மருந்துங்களா, இல்ல வேற எதாவதுங்களா?"

நான் வாய் திறப்பதற்கு முன் சரசு சொன்னார்: "சார் குடுத்ததுதானுங்க. இவரு சொல்லித்தானுங்க செஞ்சேன். கேளுங்க அவர."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடராஜும் பார்த்தார். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், ஏதோ பரிசோதிப்பவன் போல. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. டாக்டரம்மா பேனாவை மூடுவது கண்முன் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாக இருந்தது, நடராஜ் என்னைப் பார்த்த பார்வை மாறிவிடக் கூடாது என்பதுதான்.

"லேபிள் இல்லாம எப்படிங்க சொல்றது" என்றேன். "எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"பொய் சொல்றாருங்க. அந்தக் காயிதத்தக் கிழிச்சதே இவருதானுங்க, கொழாயடியில நின்னு."

தாய்மாமன் அதட்டினார். "பண்றதையும் பண்ணீட்டுப் படிச்ச மனுசன் மேல பழியப் போடறயா? இவருக்கு என்ன வந்துது, உம்பட ஊட்டு ரசத்துல கலக்கறதுக்கு?"

சரசுவின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எந்திரி அம்மிணி, போலாம்" என்றார். சரசு வீட்டார் குழந்தையைக் கேட்டார்கள். வெஷம் வைக்கிறவளிடம் பிள்ளையை விட முடியாது என்றார்கள் நடராஜ் வீட்டார். சரசு போன பிறகு எனக்கு ஒரு சொம்பில் மோர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இதற்கு மேலும் ஒன்று செய்தேன். புட்டி விஷயம் எப்படியோ டாக்டரம்மா காதுக்குப் போய், என்னைக் கேட்டார். நம் துளி மருந்தை அவர் தெரிந்தேதான் சாப்பிட்டார், இது அந்தம்மா எங்கேயோ வாங்கிய நாட்டு மருந்தாக இருக்கும் மேடம் என்றேன். நம்பினார். சரசுவுக்கு மிச்சமிருந்த ஒரு கதவையும் அப்படி நானே சாத்தினேன். நடராஜின் கேஸை வேறொருவருக்கு மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

நடராஜ் மறுபடி மோசமானார். வெகுநாள் கழித்துத் தாய்மாமனே அவரை எங்கள் இடத்துக்குக் கூட்டிவந்தார். டாக்டரம்மா மருந்தை அவர் கண்ணெதிரே வைத்து, இது என்ன, எதற்கு, என்ன செய்யும் என்று பேசினார். அன்றைக்கு நடராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி வந்தார், டாக்டரம்மா மறுபடி பேசினார். பிறகு ஒத்துக்கொண்டார். மாதம் ஒரு ஊசி. இன்றைக்கும் போட்டுக்கொள்கிறார். கத்தி பிடிக்கிற வேலைக்குத் திரும்பவில்லை, தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த அறையில் உட்கார்ந்து அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டேன். நானும் இதைச் செய்திருக்கலாம். பேசிப் பேசி, நாலு தடவை அவர் முடியாது என்றாலும் ஐந்தாவது தடவை போயிருக்கலாம். எனக்குப் பொறுமை இல்லை.

சரசு திருப்பூரிலேயே ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனார், மண்ணரையில் ஒரு அறை எடுத்துக்கொண்டு. மகள் கீர்த்தனா அப்பா வீட்டில் வளர்ந்தாள். அம்மாவைப் பற்றி அந்த வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு டாக்டரம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். மன்னித்தேன் என்றோ, எப்படிச் செய்தீர்கள் என்றோ சொல்லவில்லை. "என்கிட்ட வந்து சொன்னா உங்களுக்கு லேசாகும். வேற யாருக்கு என்ன ஆகும்? யாரு நடுவுல இல்லன்னு சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க" என்றார். வாசல்வரை வந்து, "நடராஜுக்குச் சொன்னதுக்கப்புறம் ஊசிய நிறுத்தாம இருக்கறாரான்னு நான் பாத்துக்கறேன். அத வெச்சுத் தள்ளிப் போடாதீங்க" என்றும் சொன்னார்.

போனேன். ஞாயிற்றுக்கிழமை, கீர்த்தனா வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து. எக்ஸ்போர்ட் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். நடராஜின் அப்பா இறந்துவிட்டார். தாய்மாமனை வரச் சொல்லியிருந்தேன், தடியூன்றி வந்தார். அதே வாசலில் நின்றுகொண்டே சொன்னேன். புட்டி நான் கொடுத்தது. காகிதத்தைக் கிழித்தது நான். சரசு சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. நான் சொன்னது பொய்.

தாய்மாமன் தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார். பிறகு, "அன்னைக்கு மோர் குடிச்சுட்டுப் போனீங்களே சார்" என்றார்.

நடராஜ் என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தில் கட்டிவைத்திருந்த முருங்கைக்காய்க் கட்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டே சொன்னார்: "நான் உங்ககிட்டத்தானுங்க சார் கேட்டேன்."

ஆமாம் நடராஜ் என்று மட்டும் சொன்னேன்.

கீர்த்தனா கேட்டாள், "எங்கம்மா வெஷம் வெக்கலீங்களா?"

"இல்லம்மா."

"ஒரு தடவகூட?"

"இல்லம்மா. உங்கப்பா தேறினதே உங்கம்மாவாலதான்."

அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து நான் மண்ணரைக்குப் போனேன். சரசு வேலை பார்க்கும் கம்பெனி வாசலில், சாப்பாட்டு இடைவேளையில் காத்திருந்தேன். கழுத்தில் அட்டை தொங்க வெளியே வந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் சொல்லத் தொடங்கியதை நடுவிலேயே நிறுத்தினார்.

"தெரியுமுங்க. என்ற புள்ள வந்து சொல்லீட்டா. வந்து கட்டிப் புடிச்சுட்டு ஒரே அழுகை. 'அந்த சாரே வந்து சொல்லீட்டாரும்மா, நீ ஒண்ணும் பண்ணலன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சும்மா'ங்கறா."

சரசு கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அவ பள்ளிக்கோடத்துல படிக்கறப்பவே கேட்டுல நின்னு சொன்னனுங்க நான். காலேஜு போறப்பவும் சொன்னேன். நீங்க இப்ப ஞாயித்துக்கெழம அவங்ககிட்டச் சொன்ன அதே சங்கதிதானுங்க. ஒரு வார்த்தை கூடக் கொறச்சல் இல்ல. நான் சொன்னப்பவெல்லாம் நம்பாதவ, நீங்க வந்து சொன்னதும் நம்பீட்டா. அன்னைக்கும் நீங்க சொன்னதத்தான் நம்புனாங்க. இன்னைக்கும் அதேதானுங்க."

குரலில் கோபம்கூட இல்லை. கணக்குச் சரிபார்த்துச் சொல்வது போலச் சொன்னார். "நீங்க போங்க சார். பெல் அடிச்சுருவாங்க."

நடராஜ் அந்த மாதம் ஊசிக்கு வரவில்லை. டாக்டரம்மா சொன்னபடியே அவரைத் தேடிப் போய்ப் பேசியிருக்கிறார். அடுத்த மாதம் வந்தார். என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறாராம். நியாயம்தான்.

கீர்த்தனா ஒரு முறை போனில் பேசினாள். ஞாயிறுதோறும் அம்மாவிடம் போகிறாளாம். முதல் இரண்டு முறை சரசு அதிகம் பேசவில்லையாம். மூன்றாவது முறை உள்ளே கூப்பிட்டு, எதிரே உட்கார வைத்து, "அந்த ஆளு சொன்னது எதையும் மனசுல வெக்காத. இப்ப நான் சொல்றேன், மொதல்ல இருந்து கேளு" என்று தொடங்கினாராம். நடுவில் கீர்த்தனா, ஆமாம்மா, சாரும் இதைச் சொன்னார் என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். சரசு நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். சாயங்காலம்வரை சொன்னாராம்.

என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கீர்த்தனா சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.